கடைசி பாரம் கிழிந்த நாவல்கள்: மர்மக் கதைக்காரர்களுக்கு யாங்கோனிலிருந்து ஒரு திறந்த மடல்

மர்ம நாவல் எழுதும் அன்பர்களுக்கும், அவற்றை அச்சில் ஏற்றும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் யாங்கோனில் பிறந்து, யாங்கோனிலேயே ஐம்பத்தெட்டு வயதை எட்டியவள். ரங்கூன் என்றால்தான் உங்களுக்குப் புரியும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டிலும் இன்னும் ரங்கூன்தான். நான் தமிழ் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. 1960களில் கடைகளும் பள்ளிகளும் அரசாங்கத்தின் கைக்குப் போய், தமிழ்ப் பத்திரிகைகளும் நின்றுபோன பிறகு இங்கே வளர்ந்தவர்களுக்குக் கோயில் வகுப்புதான் கதி. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அங்கே எழுத்துக் கூட்டக் கற்றேன். மீதித் தமிழை உங்கள் கொலைகாரர்களிடம் கற்றேன். ‘பிரேதப் பரிசோதனை’ என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்த வயதில் எனக்குக் கல்யாண வாழ்த்து எழுதத் தெரியாது. ஆகவே இதை உங்கள் பழைய மாணவி ஒருத்தி, கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிற மடல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் எங்களுக்குப் புத்தகம் எப்படி வரும் தெரியுமா? மதராஸ் போய்வந்த யாராவது ஒருவர் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே நாலைந்து பாக்கெட் நாவல்கள் இருக்கும். முதல் வீடு படித்து முடித்ததும் அடுத்த வீடு. நகரத்தின் நடுப்பகுதியில் எல்லாம் மாடி வீடுகள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர் போடுகிறவர் கிளிப்பில் பேப்பரை மாட்டிவிட்டுப் போவார், நாங்கள் இழுத்துக்கொள்வோம். உங்கள் நாவல்களும் அப்படித்தான் நாலு மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தன. 1968இல் குமுதத்தில் சுஜாதா எழுதிய ‘நைலான் கயிறு’ தொடரில்தான் வக்கீல் கணேஷ் முதன்முதலில் தலைகாட்டினார் என்று பின்னாளில் தெரிந்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கும் கணேஷ் நைலான் கயிற்றில்தான் வந்து சேர்ந்தார்.

பத்துக் கை மாறிய புத்தகத்தில் முதலில் போவது அட்டை. அடுத்து கடைசி பாரம், அதாவது ஒரே தாளில் அடித்து மடித்த கடைசிப் பக்கங்கள். மட்டமான தாள், துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், எங்கள் ஊர் மழை. பதினாறு பக்கம் கொத்தாகக் கழன்று போய்விடும். யாரோ வெற்றிலை மடித்திருப்பார்கள். ஆகவே எங்கள் வீட்டுக்கு வந்த நாவல்களில் பாதிக்கு முடிவே கிடையாது. ராத்திரி அப்பா சத்தமாகப் படிப்பார். கிழிந்த இடம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பார். அப்புறம்தான் கச்சேரி. அப்பா ஒரு பெயர் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெயர் சொல்வார், நான் ஒன்று. சும்மா பெயரை மட்டும் சொன்னால் செல்லாது. பக்கம் காட்டவேண்டும். “முப்பத்துநாலாம் பக்கத்தில் அவள் கதவைச் சாத்தினாள் என்று இருக்கிறதா? இல்லையே. அப்படியென்றால் நாய் எப்படி வெளியே வந்தது?” என்று அப்பா மடக்குவார். பர்மிய அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர், ராத்திரியில் சீஃப் ஜஸ்டிஸ் ஆகிவிடுவார்.

அப்படி ஒரு நாவலில் கணக்கர்தான் கொலைகாரன் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். ஏழு காரணம் காட்டினார். ஏழும் புத்தகத்திலேயே இருந்தன. நானும் அக்காவும் தோற்றோம். பல வருஷம் கழித்து, அப்பா போன பிறகு, நான் முதல் முறையாகச் சென்னைக்கு வந்தபோது திருவல்லிக்கேணி நடைபாதையில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது. அட்டையில் வழக்கம்போல ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் ஒரு கத்தி. நடைபாதையிலேயே நின்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். கொலை செய்தவர், இறந்துபோனவரின் இரட்டைச் சகோதரர். சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார். புத்தகத்துக்கு 96 பக்கம், அவர் முதலில் தலைகாட்டுவது 91ஆம் பக்கத்தில்.

எழுதியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அப்பா சொன்ன விடைதான் சரி. நாவல்தான் தப்பு.

உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். கடைசி பாரத்தைக் கிழித்துவிட்டாலும் விடை கண்டுபிடிக்க முடிகிற மாதிரி எழுதுங்கள். புதுச் சட்டம் எதுவும் நான் போடவில்லை. ரொனால்ட் நாக்ஸ் என்ற இங்கிலீஷ்ப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். முதல் கட்டளை, குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்கவேண்டும் என்பது. பத்தாவது, முன்கூட்டியே வாசகரைத் தயார்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது. நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் சிங்கப்பூரிலிருந்து இரட்டையர் வந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கட்டளையை மீறலாம், தப்பில்லை. 1926இல் அகதா கிறிஸ்டி ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’யில் எல்லாரையும் தூக்கிவாரிப்போட்டார், ஏமாற்றிவிட்டார் என்று அப்போதே சண்டை நடந்தது. எப்படி என்று சொல்லமாட்டேன், ஒரு நூற்றாண்டு ஆனாலும் சொல்வது பாவம். ஆனால் முடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் உண்மை. மறைத்ததையும் நம் கண் முன்னால் வைத்தே மறைத்திருப்பார்.

சரி, பெயர் சொல்லியே பேசுகிறேன், பயந்து என்ன ஆகப்போகிறது.

சுஜாதாவின் கணேஷும் அவர் உதவியாளர் வசந்த்தும் பேசிக்கொள்கிற அழகுக்காகவே அந்தக் கதைகளை இன்னும் படிப்பேன். அரைப் பக்கத்தில் ஒரு ஆள் கண் முன்னால் நிற்பார். ஆனால் வசந்த் ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கிற பார்வை பதினெட்டு வயதிலேயே எனக்குச் சலித்துவிட்டது. பல கதைகளில் முடிச்சு அவிழ்கிற இடமும் அவசரம்தான். நூலை அழகாகச் சுற்றியவர் கடைசியில் கத்தரியை எடுத்துவிடுகிறார். ராஜேஷ்குமார் 1,500க்கும் மேல் நாவல் எழுதியவர். முதல் பக்கம் எழுதுவதில் அவருக்கு ஈடு இல்லை, கையில் எடுத்தால் கீழே வைக்கமுடியாது. சம்பந்தமே இல்லாத இரண்டு தடங்களை ஓடவிட்டு, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார். அதுதான் அவர் வித்தை. ஆனால் சேருகிற இடத்தில் ஒரு புது மருந்தோ ஆராய்ச்சியோ வந்து எல்லாவற்றையும் விளக்கிவிடும்போது எங்கள் வீட்டுக் கோர்ட்டில் அப்பா, “இந்தச் சாட்சியை முன்னாலேயே கூப்பிட்டிருக்கவேண்டும்” என்று தள்ளுபடி செய்துவிடுவார். பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் நாயகி சுசீலா போடுகிற டி-ஷர்ட் வாசகங்கள் எனக்கு வேறு உலகம். முகத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைக் குழம்பு பூசி, லுங்கி கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனவள் நான். கதை மறந்துபோயிற்று, டி-ஷர்ட் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அது பாராட்டா குறையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாரையும்விட நேர்மையானவர் தேவனின் சாம்பு என்பேன். அவருக்குத் துப்பறியத் தெரியாது, அதிர்ஷ்டத்தில்தான் ஜெயிக்கிறார், அதை ஆசிரியர் முதலிலேயே நம்மிடம் சொல்லிவிடுகிறார். இன்றைக்கும் பல துப்பறிவாளர்கள் அதிர்ஷ்டத்தில்தான் ஜெயிக்கிறார்கள், மூளை என்று நம்மிடம் விற்கிறார்கள்.

இன்னொன்று, அந்த அட்டைகள். முதல் அத்தியாயத்தில் சாகிறவள் பெண், அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்பதற்கு ஒரு பத்தி, எதற்காகச் செத்தாள் என்பதற்கு ஒரு வரி. வீட்டில் அப்பா சத்தமாகப் படிக்கும்போது சில பத்திகளைத் தாண்டிவிடுவார். இருமல் வந்த மாதிரி நடிப்பார். எந்தப் பக்கத்தில் இருமினார் என்று குறித்துவைத்து மறுநாள் படிப்பேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தும் இருக்கலாம்.

இரவல் கதை பற்றியும் ஒரு வார்த்தை. இரவல் வாங்குவதில் எனக்குக் குறையே இல்லை. 1917இல் ஷ்வே உ டவுங் என்ற பர்மிய எழுத்தாளர் ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்து மவுங் சான் ஷா என்று பெயரிட்டார். இன்றைக்கும் இங்கே துப்பறிவாளர் என்றால் அந்தப் பெயர்தான். கதை லண்டனுடையது. ஆனால் ஆள் ரங்கூன் தெருவில் நடக்கிறார், ரங்கூன் ஆட்களிடம் பேசுகிறார். ஏறக்குறைய அதே காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தமிழில் செய்ததும் இதுதான். வெளியூர்த் துணி, உள்ளூர்த் தையல். இப்போது வருகிற சில நாவல்களில் தையலே இல்லை. கோயம்புத்தூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு இன்ஸ்பெக்டர் வெள்ளைப் பலகையில் சிவப்பு நூல் கட்டி, தொடர் கொலைகாரனின் சிறுவயதுக் காயம் பற்றி லெக்சர் கொடுக்கிறார். அந்த ஸ்டேஷனில் கரண்ட் போகாதா, டீ வராதா, பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்து பெஞ்சில் காத்திருக்கிறவர் யாரும் இல்லையா?

இதில்தான் எங்கள் ஊர்ப் பேச்சு வருகிறது. உங்கள் நாவல்களில் பர்மா என்றால் மூன்றே சமாச்சாரம். தேக்கு, மாணிக்கக் கல், 1942இல் ஜப்பான் படைக்குத் தப்பி இங்கிருந்து நடந்தே வந்த தாத்தா. அந்த நடை உண்மை. வெ. சாமிநாத சர்மா இங்கே ‘ஜோதி’ பத்திரிகை நடத்தியவர், தானே நடந்துபோய் அதை எழுதியும் வைத்திருக்கிறார். அதை மதிக்கிறேன். அதற்கப்புறம் அறுபதுகளில் கப்பல் ஏறியவர்கள் வருகிறார்கள், சென்னையில் பர்மா பஜார் வருகிறது, அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் வருகிறது. போகாமல் இங்கேயே இருந்துவிட்ட நாங்கள் மட்டும் எந்தக் கதையிலும் இல்லை. இருந்தால் வில்லனுக்கு மயக்க மருந்து கொண்டுவந்து கொடுக்கிற ‘பர்மாக்காரன்’. அந்த நாக்ஸ் பாதிரியாரின் ஐந்தாவது கட்டளை, கதையில் சீனர் யாரும் வரக்கூடாது என்பது. கேட்க ஒரு மாதிரி இருக்கும். கண்டதற்கெல்லாம் மர்மமான சீனரை வில்லனாக்கிய அந்தக் காலத்து மலிவு நாவல்களைக் குத்தத்தான் அப்படி எழுதினார். அதே கட்டளையைப் பர்மாக்காரனுக்கும் கொஞ்ச நாள் போட்டுவைத்தால் நல்லது.

ஒரு நாவலில் ஒருவர் சென்னையில் ராத்திரி ஒன்பது மணிக்கு ரங்கூனுக்கு போன் செய்கிறார், இங்கே இருப்பவரும் “ஒன்பது மணிக்கு போன் வந்தது” என்று சாட்சி சொல்கிறார், போலீஸ் ஒத்துக்கொள்கிறது. எங்கள் கடிகாரம் உங்கள் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தவறு என்று சொல்ல வரவில்லை, எவ்வளவு நல்ல தடயத்தைக் குப்பையில் போட்டீர்கள் என்றுதான் வயிறு எரிகிறது. அந்த ஒரு மணி நேரத்தை வைத்து ஒரு கொலையை மறைக்கலாம், ஒரு பொய்ச் சாட்சியைப் பிடிக்கலாம்.

இன்னும் கேளுங்கள், எல்லாம் இலவசம். 1970 டிசம்பரில் இங்கே ஒரே நாளில் வண்டிகளைச் சாலையின் வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங் வலது பக்கத்திலேயே இருந்தது. ஆக ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடைபாதை, பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்கினால் நடுரோடு. “டிரைவர் ரோட்டுப் பக்கமாக இறங்கி ஓடினான்” என்று ஒருவர் சாட்சி சொன்னால், அவர் அன்றைக்கு ரங்கூனில் இல்லை. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறம் வந்தவை 45, 90 என்ற விநோத நோட்டுகள். செத்தவர் சட்டைப்பையில் 75 கியாட் நோட்டுக் கட்டு இருந்தால் அவர் எப்போது பணம் வாங்கினார் என்று தெரிந்துவிடும். 90 கியாட் நோட்டு இருந்தால் இன்னும் நன்றாகத் தெரிந்துவிடும். அன்றைக்கு எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்த நோட்டுகளும் காகிதமாயின. அப்பா அவற்றைப் புத்தகத்தில் பக்க அடையாளம் வைக்கப் பயன்படுத்தினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கு மட்டும் கொஞ்ச நேரம் மாடியில் நின்றார்.

பெயர்களைச் சொல்லாமல் விட்டால் எப்படி? பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பெயர் வைப்பார்கள். திங்கட்கிழமை என்றால் கின், கியோ என்று க வரிசை. ஞாயிறு என்றால் ஆங், ஏ என்று உயிரெழுத்து. இங்குள்ள ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை உண்டு, அவரவர் மூலையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். கியோ என்று பெயர் சொல்லிக்கொள்கிற ஒருவர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஞாயிறு மூலையில் போய் நின்றால்? எல்லாரும் கண்டிப்பாக அந்த முறையில் பெயர் வைப்பதில்லை, ஆகவே எதிர்த் தரப்பு வக்கீலுக்கும் ஒரு வாதம் கிடைக்கும். எங்கள் கதை இன்னும் ருசி. என் அடையாள அட்டையில் இருப்பது பர்மியப் பெயர், கோயில் அர்ச்சனையில் சொல்வது தமிழ்ப் பெயர். இரண்டு பெயரையும் அறிந்தவர்கள் ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொருவரும் ஏற்கெனவே இரட்டையர்தான்.

இலக்கிய நாவல் எழுதுகிறவர்கள் ‘இது நமக்கு இல்லை’ என்று நழுவவேண்டாம், உங்களுக்கும் நாலு வரி வைத்திருக்கிறேன். நான் தற்கால நாவல்களை விடாமல் படிக்கிறேன். நிறைய நாவல்கள் எண்ணூறு பக்கம் போகின்றன. எல்லாத் தகவலும் இருக்கிறது. விதை பெயர், மீன் பெயர், வழக்காறு, மூன்று தலைமுறை. அடுத்த பக்கத்தை நான் ஏன் திருப்பவேண்டும் என்பது மட்டும் இல்லை. பாத்திரம் வாயைத் திறந்தால் ஆசிரியரின் கட்டுரை வெளியே வருகிறது. மர்ம நாவல்காரர் விடையை மறைத்து ஏமாற்றுகிறார் என்றால் நீங்கள் கேள்வியே கேட்காமல் ஏமாற்றுகிறீர்கள். இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. தீக்காயத்தோடு கிடக்கிற ஒரு பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிற குடும்பம், அவ்வளவுதான் கதை. தீ எப்படிப் பிடித்தது என்ற ஒரு கேள்வி பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். துப்பறிவாளர் யாரும் இல்லை. இரண்டு ராத்திரி மெழுகுவத்தியில் படித்து முடித்தேன் (இப்போதெல்லாம் இங்கே கரண்ட் வருவதுதான் மர்மம்). அப்பா இருந்திருந்தால் பக்கம் காட்டச் சொல்லியிருப்பார், நான் காட்டியிருப்பேன்.

இங்கே 2012 ஆகஸ்ட் வரை எந்தக் கதையானாலும் தணிக்கை ஆபீசுக்குப் போய் வந்த பிறகுதான் அச்சாகும். பர்மிய எழுத்தாளர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே சொல்லப் பழகினார்கள், வாசகர்கள் சொல்லாததைப் படிக்கப் பழகினோம். டீக்கடையில் ஒரு சிறுகதையை வைத்துக்கொண்டு, மழை என்று எழுதியிருக்கிறாரே எந்த மழை என்று மணிக்கணக்கில் பேசுவோம். அப்படிப் பழகிய கண்களுக்கு உங்கள் தடயங்கள் ரொம்பச் சுலபமாகவோ, இல்லவே இல்லாமலோ தெரிகின்றன. வாசகர் இவ்வளவு நுணுக்கமாகவா பார்ப்பார் என்று நினைக்கிறீர்கள் போல. பார்ப்போம்.

பதிப்பாளர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு அவசரப்பட்டு அடிக்கிற புத்தகங்களில் ஒரே ஆள் நாற்பதாம் பக்கத்தில் முருகேசன், அறுபதாம் பக்கத்தில் கணேசன். நான் அதைத் தடயம் என்று எண்ணி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மெய்ப்புப் பார்க்க ஒரு ஆளைப் போடுங்கள், ஐயா. இரண்டாவது, இங்கே இருக்கிற என் வங்கி அட்டையால் உங்கள் மின்நூல் ஒன்றைக்கூட இதுவரை வாங்க முடிந்ததில்லை. போனில் சுற்றிவருகிற ஸ்கேன் பிரதிகளைத்தான் படிக்கிறேன். திருட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். பணத்தை உங்களிடம் சேர்க்க ஒரு வழி சொன்னால் பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிடுவேன்.

கடைசியாக ஒரு உதவி. அப்பாவின் அலமாரியில் அட்டையில்லாத நாவல் ஒன்று இருக்கிறது. தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. ஊட்டியில் ஒரு பங்களா, நின்றுபோன சுவர்க்கடிகாரம், பால் குடிக்காத பூனை, கறுப்புக் குடையோடு வருகிற ஒரு டாக்டர். 80ஆம் பக்கத்தோடு நிற்கிறது. அந்தப் பக்கத்தில் அடையாளமாக ஒரு 75 கியாட் நோட்டு. ஓரத்தில் பென்சிலால் அப்பா ‘டாக்டர்’ என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே அக்காவின் கையெழுத்தில் ‘சமையல்காரர்’. நான் ‘மருமகள், பக்கம் 22, பூனை’ என்று எழுதியிருக்கிறேன். உங்களில் யாராவது எழுதியதாக இருந்தால், மூன்று பேரில் யார் ஜெயித்தது என்று மட்டும் ஒரு வரி எழுதிப்போடுங்கள். இரட்டையர் என்றால் எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
நாலாவது மாடியிலிருந்து,
ஒரு யாங்கோன் வாசகி